தாழம்பூவின் சாட்சி

சில வாரங்களுக்கு முன் திருவண்ணாமலையில் ஓர் இலக்கியக் கூட்டம். முப்பது பேர் இருந்திருப்போம். மொழிபெயர்ப்பு குறித்துத் தொடங்கிய பேச்சு, வழக்கம்போல எங்கெங்கோ சுற்றி, தமிழின் போதாமை என்னும் பழைய திண்ணையில் வந்து அமர்ந்தது. நான் மதிக்கும் மூத்த விமர்சகர் ஒருவர் எழுந்து மூன்று தீர்ப்புகளை வழங்கினார். ஒன்று: இயந்திரத்தைப் பற்றித் தமிழில் துல்லியமாக எழுத முடியாது, தமிழ் உணர்ச்சிக்கான மொழி. இரண்டு: அப்படியே எழுதினாலும் அதைப் படிக்க வேண்டிய மெக்கானிக் படிக்கமாட்டான், அவனுக்குக் கைப்பழக்கமே போதும். மூன்று: எப்படியாயினும் அது இலக்கிய வாசகனின் கவலை அல்ல, நமக்கு இயந்திரம் ஒரு படிமம் மட்டுமே.

கைதட்டினார்கள். நானும் தட்டினேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். கூட்டம் முடிந்து வேலூர் சாலையில் வேங்கிக்காலுக்குத் திரும்பும்போதுதான், அந்த மூன்று தீர்ப்புகளையும் பொய்யாக்கிய ஒரு நிகழ்ச்சியில் நானே உடனிருந்திருக்கிறேன் என்பது நினைவுக்கு வந்தது. அந்த இடத்திலேயே எழுந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லாததற்குப் பரிகாரமாக இதை எழுதுகிறேன். பின்வருவது ஒரு கேம் ஷாஃப்டைப் பற்றியது. இலக்கிய அன்பர்கள் எழுந்து போய்விட வேண்டாம், கொஞ்சம் உட்காருங்கள். போவதற்கு உரிய இடம் வந்தால் நானே சொல்கிறேன்.

*

என் சிற்றப்பா மகனிடம் எண்பதுகளில் வாங்கிய அம்பாசடர் ஒன்று இருக்கிறது. பெட்ரோல் எஞ்சின், 1489 கன சென்டிமீட்டர். இங்கிலாந்தின் பி.எம்.சி. நிறுவனம் வடிவமைத்த பி-சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. இதே குடும்பத்தின் இதே 1489 எஞ்சின்தான் 1955இல் வெளிவந்த எம்.ஜி.ஏ. என்னும் பந்தயச் சாயல் கொண்ட காரிலும் ஓடியது. நம் ஊரில் அரசு அதிகாரியின் நாற்காலியாகவும் கல்யாண ஊர்வலத்தின் பல்லக்காகவும் இருந்த எஞ்சினுக்குள் அப்படி ஓர் இளமை ஒளிந்திருந்தது என்பதில் என் தம்பிக்கு ஒரு மயக்கம். அம்பாசடரின் உற்பத்தி 2014இல் நின்றுபோன பிறகு அந்த மயக்கம் பக்தியாகவே மாறிவிட்டது.

எஞ்சினைப் பிரித்தபோது கேம் தேய்ந்திருந்தது. பெரிய ஊர் ஒன்றில் கேமைத் திரும்ப அரைத்துத் தரும் பட்டறைக்கு அனுப்பினான். அவர்கள், ‘அப்படியே அரைப்பதற்குப் பதில் ஸ்போர்ட்ஸ் கேமாக அரைத்துத் தருகிறோம், வண்டி பறக்கும்’ என்றார்கள். அரைத்து வந்தது. கூடவே ஒரு துண்டுச் சீட்டு. அதில் ஆங்கிலத்தில் சில எண்கள். உள்ளூரில் நாங்கள் நம்பும் மெக்கானிக் அதை எஞ்சினில் பூட்டினார். சீட்டை டாஷ்போர்டில் போட்டுவிட்டார்.

வண்டி ஓடியது. பறக்கவில்லை. நின்ற நிலையில் குதிரை இருமுவதுபோல் இருமியது. ஜவ்வாது மலை ஏற்றத்தில், பழைய தேய்ந்த கேமோடு மூன்றாவது கியரில் ஏறிய இடத்தில் இப்போது இரண்டாவது கியருக்கு இறங்க வேண்டியிருந்தது. மெக்கானிக்கிடம் போய் நின்றோம்.

“புள்ளிக்குப் புள்ளி வெச்சுதான் பூட்டியிருக்கேன் சார். டைமிங்ல தப்பு வர்றதுக்கு வழியே இல்ல.”

கார்புரேட்டரைக் கழற்றினார். டிஸ்ட்ரிபியூட்டரை மாற்றினார். பிறகு பெட்ரோலைக் குறை சொன்னார். மூன்று வாரமும் கணிசமான பணமும் போயின. அவர் ஏமாற்றுக்காரர் அல்லர். இருபத்தைந்து ஆண்டு அனுபவம் உள்ளவர், கூலியில் கை சுத்தமானவர். அவர் சொன்னது உண்மையும்கூட. புள்ளிகள் நேராகத்தான் இருந்தன. தப்பு புள்ளியில் இருந்தது.

*

இப்போது விமர்சகரின் முதல் தீர்ப்பை எடுத்துக்கொள்கிறேன். தமிழில் முடியாது என்றாரே, முடிகிறதா என்று பார்ப்போம்.

எஞ்சினில் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. அந்த ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றுவது கிராங்க். எரிபொருள் கலந்த காற்று உள்ளே வர ஒரு வால்வு, எரிந்த புகை வெளியேற ஒரு வால்வு. இவற்றைத் திறந்து மூடுவது கேம் ஷாஃப்ட். முட்டை வடிவப் புடைப்புகள் கொண்ட ஒரு நீள உருளை. புடைப்பு மேலேறும்போது வால்வு திறக்கும், இறங்கும்போது மூடும். உறிஞ்சல், அமுக்கல், எரிதல், வெளியேற்றல் என்னும் நான்கு வேலைகளுக்குக் கிராங்க் இரண்டு சுற்று, அதாவது 720 பாகை சுற்ற வேண்டும். அதற்குள் கேம் ஒரே ஒரு சுற்றுச் சுற்றும். இரண்டையும் பிணைப்பது ஒரு செயின். அம்பாசடரில் செயின், வேறு பல கார்களில் பெல்ட்.

ஆக, கேம் என்பது எஞ்சினின் பஞ்சாங்கம். எந்த வால்வு எந்த வேளையில் திறக்க வேண்டும் என்பதை அது எழுதி வைத்திருக்கிறது. பஞ்சாங்கம் சரியாக இருந்தாலும் அதை நாள் தவறிப் புரட்டினால் என்ன ஆகும்? முகூர்த்தம் தப்பும்.

உள்வரும் வால்வு, பிஸ்டன் கீழே போய்ச் சேர்ந்தவுடன் மூடிக்கொள்வதில்லை. பிஸ்டன் திரும்ப மேலே ஏறத் தொடங்கிய பிறகும் சிறிது நேரம் திறந்தே இருக்கும். காரணம் இருக்கிறது: வேகமாக ஓடிவரும் காற்றுக்குத் தன் வேகமே ஒரு தள்ளுவிசை. கதவு சற்று நேரம் திறந்திருந்தால் இன்னும் கொஞ்சம் உள்ளே நெருக்கிக்கொண்டு வரும். ஆனால் எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது காற்றுக்கு அந்த வேகம் இல்லை. அப்போது கதவைத் திறந்து வைத்தால், ஏறிவரும் பிஸ்டன் உள்ளே வந்த காற்றை வந்த வழியே வெளியே தள்ளிவிடும். அமுக்கம் குறையும். இழுவை போகும். ‘ஸ்போர்ட்ஸ்’ கேம் என்பது பெரும்பாலும் இந்தக் கதவை நெடுநேரம் திறந்து வைக்கும் கேம்தான். வேகத்தில் கிடைக்கும் லாபத்தை மெதுவோட்டத்தில் கொஞ்சம் கொடுத்து வாங்குகிறோம். அந்த வியாபாரத்தில் எட்டுப் பாகை தாமதம் சேர்ந்துகொண்டால், கொடுப்பது மட்டும் மிஞ்சும், வாங்குவது வராது. ஜவ்வாது மலையில் நடந்தது இதுதான்.

எட்டுப் பாகை என்று எப்படித் தெரியும்? அளந்தோம்.

*

அளப்பதற்கு முதலில் ஒரு தொடக்கம் வேண்டும். முதல் சிலிண்டரின் பிஸ்டன் எப்போது உச்சியில் இருக்கிறது? எல்லா எண்களும் அங்கிருந்துதான் கணக்கிடப்படுகின்றன. உச்சியைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம் என்றுதான் தோன்றும். முடியாது. அம்பாசடர் பிஸ்டனின் ஓட்டம் ஏறத்தாழ 89 மில்லிமீட்டர். நடுவழியில் கிராங்க் ஒரு பாகை திரும்பினால் பிஸ்டன் முக்கால் மில்லிமீட்டர் நகரும். உச்சியில் அதே ஒரு பாகைக்கு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட நகராது. உச்சியை அடைந்ததும் பிஸ்டன் நின்றுவிட்டதுபோல் தோன்றும். நாமோ இந்தப் பக்கம் இரண்டு பாகை, அந்தப் பக்கம் மூன்று பாகை தள்ளி நின்றுகொண்டு ‘இதுதான் உச்சி’ என்று சத்தியம் செய்வோம்.

அண்ணாமலையில் பிறந்தவர்களுக்கு இந்தக் கதை புதிதா? அடியைத் தேடிப் போன திருமால் காணவில்லை என்று உண்மையைச் சொல்லி மரியாதையோடு நின்றார். முடியைத் தேடிப் போன பிரமனோ காணாமலே கண்டேன் என்றார். கீழே விழுந்துகொண்டிருந்த தாழம்பூவைச் சாட்சிக்கு அழைத்தார். பொய்ச் சாட்சி சொன்ன பூ பூசைக்கு ஆகாமல் போயிற்று. எங்கள் எஞ்சினின் டைமிங் புள்ளி அந்தத் தாழம்பூதான். அது உச்சியிலிருந்து வந்ததாகச் சொல்கிறது. நாமும் நம்பிவிடுகிறோம்.

உச்சியைக் காண வழி உண்டு. உச்சிக்குப் போகாமல் காண்பதே அந்த வழி. சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி, சிலிண்டரின் குறுக்கே ஒரு தடித்த இரும்புப் பட்டையைப் பூட்டி, அதன் நடுவில் ஒரு போல்ட்டைக் கீழ்நோக்கி இறக்கினோம். பிஸ்டன் உச்சிக்கு ஆறு மில்லிமீட்டர் முன்பே அதில் இடித்து நிற்கும். கிராங்கின் முனையில் பாகை குறித்த வட்டத்தட்டு. கடையில் வாங்கவில்லை; ஜெராக்ஸ் கடையில் அச்சடித்துத் தகரத்தில் ஒட்டியதுதான். 230 மில்லிமீட்டர் விட்டம் வைத்தால் ஒரு பாகைக்கு இரண்டு மில்லிமீட்டர் இடம் கிடைக்கும். கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். வளைத்த கம்பி ஒன்று முள்ளாக நின்றது.

கிராங்கை வலப்பக்கமாகக் கையால் மெல்லத் திருப்பினோம். பிஸ்டன் இடித்தது. தட்டில் 24. எதிர்ப்பக்கமாகத் திருப்பினோம். மறுபடி இடித்தது. தட்டில் 30. இரண்டும் சமமாக இருந்திருக்க வேண்டும். கூட்டினால் 54, பாதி 27. இரு பக்கமும் 27 காட்டும்படி முள்ளை மூன்று பாகை நகர்த்தினோம். இப்போது தட்டின் பூச்சியம் உண்மையான உச்சி. இப்பால் ஒன்று, அப்பால் ஒன்று, இரண்டுக்கும் நடு. இதில் எந்த இடத்தில் தமிழ் தடுக்கியது என்று விமர்சகர் சுட்டிக்காட்டினால் திருத்திக்கொள்கிறேன்.

அடுத்து, போல்ட்டை எடுத்துவிட்டு, முதல் சிலிண்டரின் உள்வரும் வால்வுக்குரிய டாப்பெட்டின் மேல் தண்டை நிறுத்தி, அதன் தலையில் டயல் கேஜை வைத்தோம். புடைப்பின் உச்சத்தில் டயலைப் பூச்சியமாக்கினோம். பிறகு உச்சத்துக்கு 1.27 மில்லிமீட்டர் கீழே ஏறும்போது எத்தனை பாகை, இறங்கும்போது எத்தனை பாகை என்று பார்த்தோம். உச்சிக்குப் பின் 80. உச்சிக்குப் பின் 156. கூட்டினால் 236, பாதி 118. சீட்டில் போட்டிருந்தது 110. எட்டுப் பாகை தாமதம். இங்கும் அதே உபாயம்: புடைப்பின் உச்சத்தை நேராகப் பார்க்க முடியாது, அதுவும் அசையாமல் நிற்பதுபோல் தோன்றும், இரு பக்கத்திலிருந்தும் சமதூரத்தில் நின்று நடுவை எடுக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை உண்டு. எப்போதும் எஞ்சின் சுற்றும் திசையிலேயே திருப்பி அளவெடுக்க வேண்டும். தாண்டிவிட்டால், வெகுதூரம் பின்னால் போய் மறுபடி முன்னால் வர வேண்டும். இல்லையேல் செயினின் தொய்வு அளவில் கலந்துவிடும். இன்னொன்று: புடைப்பின் இரு சரிவுகளும் ஒரே மாதிரி இல்லாத கேம்கள் உண்டு. அவற்றுக்கு நடுவெடுக்கும் முறை பொருந்தாது. வால்வு திறக்கும் பாகையையும் மூடும் பாகையையும் நேரடியாகச் சீட்டோடு ஒப்பிட வேண்டும். எந்த முறையும் எல்லாவற்றுக்கும் ஆகாது என்பது இலக்கியவாதிகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தப்பு எப்படி வந்தது? கேமைத் திரும்ப அரைக்கும்போது புடைப்பில் உலோகத்தைக் கூட்ட முடியாது. அதன் அடிவட்டத்தைக் குறைத்து, அதனால் புடைப்பை உயர்ந்ததாக ஆக்குகிறார்கள். அரைக்கும்போது தண்டை எந்தக் கோணத்தில் பிடித்தார்கள் என்பதைப் பொறுத்தது எல்லாம். சாவி உட்காரும் பள்ளத்துக்கும் புதிய புடைப்புக்கும் இடையே கேமில் நான்கு பாகை பிசகினால் கிராங்கில் எட்டுப் பாகை. பல்சக்கரத்தின் புள்ளி பழைய இடத்திலேயே இருக்கிறது. புடைப்பு இடம் மாறிவிட்டது. புள்ளி தொழிற்சாலையில் பிறந்த கேமுக்காக இடப்பட்டது. அரைத்து வந்த கேமைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

திருத்தம் எளிது. பல்சக்கரத்தில் ஒரு பல்லை மாற்றிப் பூட்டினால் பத்துப் பாகைக்கு மேல் தாவிவிடும். ஆகவே அது உதவாது. தண்டையும் பல்சக்கரத்தையும் பிணைக்கும் அரைநிலாச் சாவியை, மேற்பாதி சற்றே விலகி நிற்கும்படி லேத் பட்டறையில் செய்து வாங்கினோம். விலகல் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. பூட்டி மறுபடி அளந்தோம்: 73, 149. நடு 111. ஒரு பாகை பாக்கி. அது எங்கள் தகரத்தட்டின் பிழையாகவும் இருக்கலாம். விட்டுவிட்டோம்.

ஆனால் உடனே ஹெட்டை மூடிவிடவில்லை. கேமை முன்னே தள்ளினால் உள்வரும் வால்வு பிஸ்டனை நெருங்கும். பிள்ளையார் பிடிக்கும் களிமண்ணைப் பிஸ்டன் தலையில் அப்பி, ஹெட்டைப் பூட்டி, இரண்டு சுற்றுக் கையால் சுற்றி, திரும்பத் திறந்து, களிமண்ணில் வால்வு பதிந்த இடத்தின் தடிமனைப் பார்த்தோம். உள்வரும் வால்வுக்குக் குறைந்தது இரண்டு மில்லிமீட்டர், வெளியேற்றும் வால்வுக்கு இரண்டரை இருக்க வேண்டும் என்பது பொதுவான வழக்கு. தாராளமாகவே இருந்தது. பிறகு புதிய டாப்பெட்டுகள். பழைய டாப்பெட்டை அரைத்த கேமின் மேல் வைப்பது புதுமணப் பெண்ணைப் பழைய சண்டைக்குள் அனுப்புவது போன்றது, இரண்டு பேரும் தேய்வார்கள். புடைப்புகளில் மாலிப்டினம் பசை. முதல்முறை எஞ்சினை எழுப்பியதும் ஐட்லிங்கில் விடாமல் 2000 சுற்றுக்கு மேல் இருபது நிமிடம். வண்டி இருமவில்லை. ஜவ்வாது மலையில் மூன்றாவது கியரில் ஏறியது.

*

இரண்டாவது தீர்ப்பு: மெக்கானிக் படிக்கமாட்டான்.

இதை நாங்கள் அளந்தபோது அதே மெக்கானிக்கின் பட்டறையில்தான் அளந்தோம். அவர் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இருபத்தைந்து ஆண்டு அனுபவத்தின் மேல் ஒரு ஜெராக்ஸ் காகிதத்தை ஒட்டுகிறார்கள் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? பட்டறையில் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்ட ஒரு பையன். அவன்தான் தட்டைப் பிடித்தான், கிராங்கைத் திருப்பினான். 24, 30 என்று நான் எழுதுவதற்குள், “அப்ப 27 சார், மூணு தள்ளணும்” என்றான். மறுநாள் போனபோது தன் நோட்டில் முழுச் செய்முறையையும் எழுதி வைத்திருந்தான். தமிழில். எழுத்துப் பிழைகள் இருந்தன. வரிசைப் பிழை ஒன்றும் இல்லை. ‘திரும்பி வந்தா செயின் லூசு, கணக்கு தப்பு’ என்று ஓரத்தில் கட்டம் போட்டு எழுதியிருந்தான்.

மெக்கானிக் அந்த நோட்டை வாங்கிப் படித்தார். நெடுநேரம் படித்தார். பிறகு அவர் சொன்ன வாக்கியம்தான் என்னை இதை எழுத வைத்தது.

“இத்தனை வருஷத்துல இத யாரும் எனக்குச் சொல்லித் தரலயே சார்.”

அவன் படிக்கமாட்டான் என்கிறோம். படிக்க என்ன கொடுத்தோம்? கூட்டலும் பாதியாக்கலும் மட்டுமே தேவைப்படும் ஓர் அறிவை ஆங்கிலச் சீட்டில் எழுதி அவன் கையில் கொடுத்தோம். அவன் அதை டாஷ்போர்டில் போட்டான். பிறகு அவனுக்கு அறிவு வேண்டாம், கைப்பழக்கமே போதும் என்று மேடையில் பேசினோம். கிணற்றை மூடிவிட்டுத் தாகமில்லாதவன் என்று பட்டம் கொடுப்பது போன்றது இது.

கைப்பழக்கத்தை நான் இகழவில்லை. அதே மெக்கானிக் எஞ்சின் ஓசையைக் கேட்டு எந்த வால்வில் இடைவெளி கூடியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். எனக்கு அது ஏழு பிறவியிலும் வராது. தொழிற்சாலைப் பாகம் என்றால் புள்ளிக்குப் புள்ளி வைப்பதும் பெரும்பாலும் சரியே. அதற்காகத்தான் புள்ளி இருக்கிறது. ஆனால் பாகம் மாறும் நாளில் பழக்கம் வாய் மூடிக்கொள்ளும். அன்று அளவு பேச வேண்டும். அளவு பேசுவதற்கு மொழி வேண்டும்.

தமிழ்நாட்டில் இந்த அறிவு இல்லாமலும் இல்லை. இரண்டாம் உலகப்போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில் பல பத்தாண்டுகள் கார்ப் பந்தயங்கள் நடந்தன. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953இல் தொடங்கப்பட்டது. கோவையில் கரிவரதன் 1988இல் மாருதி 800இன் எஞ்சினைக் கொண்டு பார்முலா மாருதி பந்தயக் கார்களை உருவாக்கினார். இன்று அவர் பெயரில் ஒரு பந்தயத்தளமே இருக்கிறது. அந்தப் பட்டறைகளில் பாகைத்தட்டு பிடித்த தமிழ்க் கைகள் எத்தனையோ. அவர்கள் அறிந்தது குருவிடமிருந்து சீடனுக்கு வாய்வழி போயிற்று. குரு போனால் கூடவே போயிற்று. கோவைக்கும் வேங்கிக்காலுக்கும் இடையில் உள்ள தூரத்தைக் கடக்க அதற்கு ஒரு தமிழ்ப் புத்தகம் தேவைப்பட்டது. எழுத வேண்டியவர்கள் படிமம் தேடிக்கொண்டிருந்தார்கள்.

*

இங்கே தனித்தமிழ் நண்பர்களிடமும் ஒரு வார்த்தை. விமர்சகரை நான் மறுப்பதைக் கண்டு அவர்கள் மகிழ்ந்துகொண்டிருப்பார்கள், கொஞ்சம் பொறுக்கட்டும். கலைச்சொல் பட்டியல்களில் கேமுக்கு ‘நெம்புருள்’ என்று இருக்கிறது. அழகான சொல், எனக்குப் பிடித்தும் இருக்கிறது. ஆனால் பட்டியலைத் தந்தவர்கள் சொல்லைத் தந்தார்களே தவிர வாக்கியத்தைத் தரவில்லை. ‘நெம்புருள் தண்டு’ என்று எழுதி எதிரே ஆங்கிலச் சொல்லைப் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார்கள். அந்தத் தண்டை எப்படிப் பூட்டுவது, பிசகினால் எப்படித் தெரியும், எப்படித் திருத்துவது என்று நான்கு பக்கம் எழுதியிருந்தால் மெக்கானிக் தானாகவே அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டிருப்பார். இல்லை, கேம் என்றே வைத்துக்கொண்டு மற்றதைத் தமிழில் அறிந்திருப்பார். இரண்டில் எதுவானாலும் வண்டி மலை ஏறியிருக்கும். சொல் தூய்மையாக இருந்து வாக்கியம் இல்லாவிட்டால், அது பூட்டப்படாத உதிரிப் பாகம்.

முடியாது என்பவர்கள் யாழ்ப்பாணத்தை நினைத்துப் பார்க்கட்டும். 1847இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் இருந்துகொண்டு மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறு, அறுவை மருத்துவம் முதலிய நூல்களைத் தமிழில் ஆக்கினார். தமிழில் படித்த மருத்துவர்களை உருவாக்கினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில், வேற்று மொழிக்காரர் ஒருவர், மனித வயிற்றைத் திறப்பதைத் தமிழில் சொல்லிக்கொடுத்திருக்கிறார். நாம் எஞ்சினின் வயிற்றைத் திறக்கத் தமிழ் போதாது என்கிறோம். பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்ட கலைக்களஞ்சியம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்தது, பெ.நா. அப்புசாமி வாழ்நாள் முழுதும் அறிவியலைத் தமிழில் எழுதினார். அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. 2023இல் சில உறுப்புக் கல்லூரிகளில் அதை நிறுத்துவதாக அறிவித்து, எதிர்ப்பு எழுந்த பின் அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. அந்த வகுப்புகளில் இடம் நிரம்பவில்லை என்று நாம் அங்கலாய்க்கிறோம். வகுப்பறையில் தமிழ் இருந்து, பட்டறையிலும் புத்தகக் கடையிலும் அந்தத் தமிழ் இல்லையென்றால் எந்தப் பிள்ளை துணிந்து சேரும்?

*

மூன்றாவது தீர்ப்பு: இது இலக்கிய வாசகனின் கவலை அல்ல.

எழுந்து போக விரும்புகிறவர்கள் இப்போது போகலாம். சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன்.

மற்றவர்களிடம் கேட்கிறேன். நம் கதைகளில் எத்தனை மெக்கானிக்குகள் வந்திருக்கிறார்கள்? கையில் கிரீஸ் இருக்கும். கண்ணில் சோகம் இருக்கும். அவர் கையில் இருக்கும் பாகம் எது, அதை ஏன் அப்படித் திருப்புகிறார் என்று நமக்குத் தெரியாது, எழுதியவருக்கும் தெரியாது. உழவனை எழுதுகிறவர் நெல்லின் வகை தெரியாமல் எழுதினால் விமர்சகர்கள் கிழித்துவிடுவார்கள். மெக்கானிக்கை எழுதும்போது மட்டும் கிரீஸே போதுமானதாக இருக்கிறது. அது படிமம் அல்ல, தாழம்பூ. உச்சியைக் காணாதவர், கண்டேன் என்பதற்குக் கூட்டிவரும் சாட்சி.

ஒரு மனிதன் ஆயுளெல்லாம் செய்யும் வேலையின் உள்ளே என்ன இருக்கிறது என்பதை அவன் மொழி அறியாமல் இருப்பதுதான் அந்த மொழிக்கு நேரும் பெரிய வறுமை. தமிழ் உணர்ச்சிக்கான மொழி என்று புகழ்வதில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. புகழ்ந்துகொண்டே அதைப் பட்டறையிலிருந்தும் ஆய்வுக்கூடத்திலிருந்தும் வெளியே அனுப்பிவிடலாம். பிறகு அழுவதற்கும் பாடுவதற்கும் மட்டும் அது மிஞ்சும். சிற்பியின் தாளக் கணக்கும், தச்சனின் முழக்கோலும், கொத்தனாரின் நூல் அளவும் இந்த மொழியில்தான் நூற்றாண்டுகளாகப் புழங்கின. இந்த ஊரின் கோபுரங்கள் உணர்ச்சியால் மட்டும் நிற்கவில்லை.

ஸ்போர்ட்ஸ் கேம் எல்லோருக்கும் வேண்டுமா? வேண்டாம். அன்றாடம் ஓடும் வண்டிக்கு அது பெரும்பாலும் வீண்செலவு. நகர நெரிசலில் மெதுவாக ஓட்டுகிறவருக்கு அது நஷ்டமும்கூட. நான் கேமுக்காக வாதாடவில்லை. யாரோ இட்ட புள்ளியை நம்பாமல் இரு பக்கமும் அளந்து நடுவைக் காணும் பழக்கத்துக்காக வாதாடுகிறேன். அந்தப் பழக்கம் விமர்சனத்துக்கும் தேவைப்படுவதுதான். ‘தமிழில் முடியாது’ என்பதும் யாரோ எப்போதோ இட்ட புள்ளி. அதன்மேல் இன்னொரு புள்ளியை வைத்துப் பூட்டிவிட்டு, வண்டி இழுக்கவில்லை என்று பெட்ரோலைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அந்தப் பையனின் நோட்டைக் கேட்டு வாங்கி நகல் எடுத்து வைத்திருக்கிறேன். ஆறு பக்கம். அடுத்த கூட்டத்துக்கு எடுத்துவருவேன். மூத்த விமர்சகர் அனுமதித்தால் சத்தமாக வாசிப்பேன். அனுமதிக்காவிட்டாலும் வாசிப்பேன். இம்முறை கைதட்டுவதற்கு முன் இரு பக்கமும் அளந்துகொள்வோம்.